ஒன்பது மீன்களும் ஒரு புகைபோக்கியும்

மீன்களைக் காணோம்.

1966ம் வருடம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கில்லார்னி என்று ஒரு வனப்பகுதி. வெள்ளைப் பாறைக் குன்றுகள், நடுநடுவே நீல நீலமாக ஏரிகள், காலண்டரில் போடுவார்களே, அப்படி ஓர் இடம். டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் ஹார்வி என்ற விஞ்ஞானி, அங்கே லம்ஸ்டன் என்கிற சின்ன ஏரியில் சுமார் 4000 சால்மன் மீன்களைக் கொண்டுபோய் விட்டார். ஓர் ஆராய்ச்சிக்காக. மறு வருடம் வந்து வலையைப் போட்டால் ஒன்றுகூட இல்லை. நாலாயிரம் மீன்கள் எங்கே போகும்? யாராவது பிடித்துச் சாப்பிட்டார்களா? கொக்கு தின்றதா? நோயா?

விட்ட மீன் மட்டுமல்ல. ஏரியில் ஏற்கெனவே இருந்த மீன்களும் ஒவ்வொரு ரகமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஹார்வியும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் பீமிஷும் சுற்றுவட்டார ஏரிகளிலெல்லாம் இறங்கித் தேடினார்கள். எல்லா இடத்திலும் அதே கதை. கடைசியில் தண்ணீரைச் சோதித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 1961ல் லம்ஸ்டன் ஏரித் தண்ணீரின் பி.ஹெச். அளவு 6.8. கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். 1971ல் 4.4.

பார்க்க என்னவோ இரண்டே கால், இரண்டரை பாயின்ட் மாதிரிதான் தெரியும். ஆனால் பி.ஹெச். கணக்கு பூகம்பக் கணக்கு மாதிரி. ஒரு பாயின்ட் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். இரண்டு குறைந்தால் நூறு மடங்கு. ஆக, பத்தே வருடத்தில் லம்ஸ்டன் ஏரியின் அமிலம் இருநூறு மடங்குக்கும் மேலே ஏறியிருந்தது. ஏரிக்கரையில் ஒரு ஃபேக்டரி கிடையாது. சாக்கடை கிடையாது. சொல்லப்போனால் மனுஷ நடமாட்டமே குறைவு.

வந்தது மேலேயிருந்து. மழையில்.

இதில் ஒரு வேதனையான வேடிக்கை இருக்கிறது. கில்லார்னி பிழைத்ததே ஓவியர்களால்தான். 1931ல் அங்கே ட்ரவுட் லேக் என்ற ஏரியைச் சுற்றியிருக்கும் மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஏ.ஒய்.ஜாக்ஸன் என்கிற புகழ்பெற்ற ஓவியர் கொதித்துப் போனார். ஒன்டாரியோ ஓவியர் சங்கம் களமிறங்கியது. அரசாங்கம் பணிந்தது. கோடாலி நின்றது. நன்றிக்கடனாக அந்த ஏரிக்கே ஓவியர் சங்கத்தின் பெயரைச் சூட்டினார்கள். இன்றைக்கும் ஓ.எஸ்.ஏ. லேக் என்றுதான் பெயர். முன்னாள் ட்ரவுட் ஏரி. பிற்பாடு அதிலிருந்த ட்ரவுட் மீன்களும் போய்ச் சேர்ந்தன. கோடாலிக்கு வேலி போடலாம். மேகத்துக்கு எங்கே போடுவது?

மேகம் வந்த இடம் ரொம்ப தூரமில்லை. கில்லார்னியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஊரின் பெயர் சட்பரி.

சட்பரியின் சரித்திரம் ஒரு விண்கல்லில் ஆரம்பிக்கிறது. சுமார் 185 கோடி வருடங்களுக்கு முன்னால் வானத்திலிருந்து வந்து மோதியது அது. மோதிய வேகத்தில் பூமி உருகி, குழம்பி, ஆறியபோது ஒரு பெரிய கிண்ணம் மாதிரி பள்ளம். அதன் விளிம்பில் நிக்கலும் தாமிரமும் கொட்டிக் கிடந்தன. 1883ல் கனடிய பசிபிக் ரயில்வேக்காரர்கள் தண்டவாளம் போடப் பாறையை வெடிவைத்துத் தகர்த்தபோது அது வெளியே தெரிந்தது. அவ்வளவுதான். வந்து குவிந்துவிட்டார்கள்.

நிக்கல் இருந்தால் போதுமா? அதோடு ஒட்டிக்கொண்டு கந்தகமும் இருந்தது. கந்தகத்தைப் பிரித்தாக வேண்டும். அந்தக் காலத்து டெக்னிக் ரொம்ப எளிது. விறகை மைதானம் மாதிரி பரப்பு. அதன்மேல் தாதுவைக் குன்று குன்றாகக் கொட்டு. கொளுத்திவிட்டுப் போ. மாதக்கணக்கில் எரியும். புகைபோக்கி, கிகைபோக்கி எதுவும் கிடையாது. மஞ்சள் புகை தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். போகிற வழியில் இருக்கிற செடி, கொடி, புல் எல்லாம் காலி. எரிக்க விறகு வேண்டுமே என்று சுற்றியிருந்த காட்டையும் வெட்டினார்கள். மரம் போனது. மரம் போனதும் மண் போனது. மிச்சமிருந்த பாறையும் கறுத்துப் போனது. கணக்கெடுத்தபோது சுமார் 20,000 ஹெக்டேர் மொட்டை நிலம். அதைப்போல நான்கு மடங்கு அரை மொட்டை.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. கேஸ் போட்டார்கள். 1921ல் ஒன்டாரியோ அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. புகையால் பயிர் போனால் கோர்ட்டுக்குப் போகாதே. அரசாங்கம் ஒரு நடுவரைப் போடும். அவர் சொல்கிற தொகையை வாங்கிக்கொள். அதாவது நஷ்ட ஈடு கேட்கலாம், புகையை நிறுத்து என்று கேட்கக்கூடாது. எவ்வளவு நயமான சட்டம் பாருங்கள்.

1971ல் நாசாவிலிருந்து அப்போலோ 16 விண்வெளி வீரர்கள் பயிற்சிக்காக சட்பரிக்கு வந்தார்கள். அடுத்த வருடம் அப்போலோ 17 ஆட்கள். உடனே, பார்க்க நிலா மாதிரியே இருக்கிறதாம், அதனால்தான் இங்கே வந்திருக்கிறார்கள் என்று ஊர் உலகமெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டது. உண்மையில் அவர்கள் வந்தது விண்கல் மோதிய பாறைகளைப் படிப்பதற்காக. நிலாவில் அந்த மாதிரிப் பாறைகளைப் பார்த்தால் அடையாளம் தெரியவேண்டுமல்லவா? ஆனால் வதந்தி எடுபட்டதற்குக் காரணம் இருந்தது. ஊர் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

1960 வாக்கில் சட்பரியின் உலைகள் வருடத்துக்கு சுமார் 25 லட்சம் டன் கந்தக டை ஆக்ஸைடைக் காற்றில் கலந்துகொண்டிருந்தன. அதில் சிங்கத்தின் பங்கு இன்கோ என்ற ஒரே கம்பெனியுடையது. ஊரே அந்தக் கம்பெனி சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் பயன்படுத்திய நிக்கலில் பெரும்பகுதி இங்கிருந்து போனதுதான். அப்படிப்பட்ட கம்பெனியை யார் கேள்வி கேட்பது?

இருந்தாலும் 1970ல் அரசாங்கம் கேட்டது. ஊரில் மூச்சு விடமுடியவில்லை, ஏதாவது செய் என்றது. இன்கோ செய்தது. உலகத்திலேயே உயரமான புகைபோக்கியைக் கட்டியது. 381 மீட்டர். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை அதன் கூரை வரைக்கும் அளந்தால் வருகிற அதே உயரம். ஆகஸ்ட் 20, 1970 அன்று, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சட்பரியை ஒரு சூறாவளி தாக்கியது. உச்சியில் ஆட்கள். புகைபோக்கி ஆடியிருக்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரும் தப்பித்தார்கள். 1972ல் அது வேலைக்கு வந்தது. 1987ல் கஜகஸ்தானில் இன்னும் உயரமாக ஒன்று எழும்பும்வரை அதுதான் உலக சாம்பியன்.

ஊர்க்காரர்களுக்கு நிம்மதி. புகை இப்போது தலைக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எங்கே போனது? நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிவது போலத்தான். பக்கத்து வீடு சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, அவ்வளவே வித்தியாசம். வட அமெரிக்கா முழுவதிலும் ஒரே இடத்திலிருந்து இவ்வளவு கந்தகப் புகை வெளியேறியது வேறெங்கும் கிடையாது. சட்பரியைச் சுற்றி அமிலமாகிப்போன ஏரிகள் மட்டும் சுமார் 7000 என்பது பின்னால் போட்ட மதிப்பீடு.

மழை எல்லா ஏரிமேலும்தான் பெய்தது. ஆனால் எல்லா ஏரியும் சாகவில்லை. ஏன்?

நான் படித்தது காமர்ஸ். எனக்கு இது பேங்க் பாஸ்புக் மாதிரி யோசித்தபோதுதான் சரியாக விளங்கியது. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு உண்டு. அமிலத்தைச் செயலிழக்க வைக்கும் கார உப்புகள்தான் அந்தச் சேமிப்பு. பாறையும் மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அதில் வரவு வைத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பாறை பணக்கார அப்பா. அள்ளிக் கொடுப்பார். கில்லார்னிக்குத் தெற்கே மானிடூலின் தீவு சுண்ணாம்புப் பாறையாலானது. அங்கே எவ்வளவு அமில மழை பெய்தாலும் ஏரிகள் அசைந்துகொடுக்கவில்லை. கில்லார்னியின் வெள்ளைப் பாறை குவார்ட்ஸைட். பரம ஏழை. ஒன்றும் கரையாது, ஒன்றும் வராது. அமில மழை என்பது தினசரிச் செலவு. பேலன்ஸ் இருக்கிறவரை செக் பாஸாகிக்கொண்டே இருக்கும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. பேலன்ஸ் தீர்ந்த மறுநாள் பி.ஹெச். தடாலென்று விழும்.

அப்புறம்? மண்ணில் தேமே என்று கிடந்த அலுமினியத்தை அமிலம் கரைத்துக் கொண்டுவந்து ஏரியில் விடும். அது மீனின் செவுளில் போய் அடைத்துக்கொள்ளும். முட்டைகள் பொரியாது. கிழ மீன்கள் மட்டும் கொஞ்ச காலம் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் மட்டும் கண்ணாடியாக, அடி ஆழம்வரை தெரிகிற மாதிரி ஆகிவிடும். பழுப்பு நிறம் கொடுக்கிற இலைச்சாறெல்லாம் அமிலத்தில் தெளிந்து போய்விடுகிறது. டூரிஸ்டுகள் ஆஹா எவ்வளவு சுத்தம் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஏரி எப்படிச் சாகிறது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். ஒன்டாரியோவின் வடமேற்கு மூலையில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. பெயர்கூடக் கிடையாது, நம்பர்தான். 1976லிருந்து 223ம் நம்பர் ஏரியில் அவருடைய குழு வருடா வருடம் கந்தக அமிலத்தை அளந்து ஊற்றியது. வேண்டுமென்றேதான். 6.8 அளவில் இருந்த ஏரி, மெல்ல மெல்ல 5க்கு வந்தது.

அமிலம் மீனைக் கொல்லும் என்று நினைத்திருந்தவர்களுக்கு ஆச்சரியம். பெரிய ட்ரவுட் மீன்களை அமிலம் நேரடியாகத் தொடவே இல்லை. அதற்கு வெகு முன்பே, பி.ஹெச். 6க்குச் சற்றுக் கீழே இறங்கியபோதே, அவை தின்னுகிற குட்டி இறால்களும் பொடி மீன்களும் போய்விட்டன. நண்டு மாதிரியான கிரேஃபிஷ்களின் ஓடு இளகிப் போனது. ட்ரவுட்டுகள் பட்டினியில் ஒடுங்கி, தலை மட்டும் பெரிதாக, உடம்பு குச்சியாக ஆகிவிட்டன. அந்த மீனின் புகைப்படம் அமில மழையைப் பற்றிய எத்தனை அறிக்கையையும்விட அதிகம் பேசியது. இன்னொன்றையும் ஷிண்ட்லர் குழு கண்டுபிடித்தது. ஏரியின் அடிச்சேற்றில் சில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. கந்தக அமிலத்தின் சல்ஃபேட்டை அவை தின்று ஜீரணித்து, காரத்தை வெளியே விடுகின்றன. எவ்வளவு அமிலம் ஊற்றினால் எவ்வளவு பி.ஹெச். குறையும் என்று போட்ட கணக்கைவிட நிறையவே ஊற்ற வேண்டியிருந்தது. மேலே ஆள் ஊற்ற ஊற்ற, கீழே யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கெல்லாம் முன்பே நடந்த ஒரு சின்னச் சம்பவம். சட்பரிக்கு வடக்கே சுமார் 110 கிலோமீட்டரில் வொயிட்பைன், வர்லிகிக் என்று இரண்டு ஏரிகள். அங்கே மட்டும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு ட்ரவுட் இருந்தது. மற்ற ப்ரூக் ட்ரவுட்டுகளுக்கு உடம்பெல்லாம் புள்ளியும் கோலமும் இருக்கும். இதற்கு அது கிடையாது. ஊதாவும் நீலமுமாக ஒரு பளபளப்பு. அரோரா ட்ரவுட் என்று பெயர். துருவ வானத்து வெளிச்சத்தின் பெயர்.

1950களில் அது குறைய ஆரம்பித்தது. காரணம் யாருக்கும் தெரியாது. அமில மழை என்ற பேச்சே அங்கே அப்போது இல்லை. மீன்வளத் துறைக்காரர்கள் 1958ல் எப்படியோ 3 பெண் மீன்களையும் 6 ஆண் மீன்களையும் பிடித்தார்கள். முட்டையெடுத்து, பொரிக்க வைத்து, பண்ணைத் தொட்டியில் வளர்த்தார்கள். 1960களின் முடிவுக்குள் இரண்டு ஏரிகளிலும் கடைசி அரோராவும் போய்விட்டது. மிச்சம், அந்த ஒன்பது மீன்களின் வாரிசுகள் மட்டும்தான். முப்பது வருடம் தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாக ஓடியது அவர்கள் வாழ்க்கை. திரும்பிப் போக வீடு இல்லை. அப்படி ஒருநாள் வருமென்று யாரும் உத்தரவாதமும் கொடுக்கவில்லை. ஆனாலும் தினமும் தீனி போட்டுக்கொண்டிருந்த அந்த அரசாங்க ஊழியர்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

சரி, சண்டைக்கு வருவோம். கிழக்குக் கனடாவின் அமில மழையில் சுமார் பாதி, அமெரிக்க அனல் மின் நிலையங்களின் கைங்கர்யம். ரீகன் ஆட்சியோ இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்றே காலத்தை ஓட்டியது. 1983ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த அமில மழை டாக்குமென்டரிகளை, இது அந்நிய நாட்டு அரசியல் பிரசாரம் என்று லேபிள் ஒட்டச் சொன்னது அமெரிக்க நீதித் துறை. மழையைப் பற்றிய படம்! அதனாலேயே இன்னும் நாலு பேர் தேடிப்போய்ப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

கனடாவுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. நீ முதலில் உன் சட்பரியைப் பார் என்று அமெரிக்கா சொன்னால் என்ன பதில் சொல்வது? அதனால் 1985ல் ஒன்டாரியோ முந்திக்கொண்டது. நான்கு பெரிய கம்பெனிகளுக்குக் கெடு வைத்தது. 1994க்குள் இன்கோவின் புகை வருடத்துக்கு 2,65,000 டன்னுக்குள் வந்தாக வேண்டும். முடியவே முடியாது, கட்டுப்படியாகாது என்று ஆரம்பத்தில் வழக்கமான புலம்பல்தான். ஆனால் கம்பெனி உட்கார்ந்து கணக்குப் போட்டது. உலையை மாற்றியது, கந்தகத்தைப் பிடித்து அமிலமாக்கி விற்றது. கெடுவுக்குள் முடித்தும் காட்டியது. அமெரிக்கா 1990ல் சட்டத்தைத் திருத்தி, புகை விடுகிற உரிமையையே டன் கணக்கில் வாங்கி விற்கிற சரக்காக்கிவிட்டது. 1993ல் சிகாகோவின் சரக்குச் சந்தையில் அதற்கு ஏலம் நடந்தது. கோதுமையும் சோயாவும் விற்கிற இடத்தில் புகை! 1991ல் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன.

புகை நின்றால் ஏரி தானாகச் சரியாகிவிடுமா? ஆகிறது. இதுதான் இந்தக் கதையில் எல்லோரையும் வியக்க வைத்த பகுதி. சட்பரிக்குப் பக்கத்திலேயே க்ளியர்வாட்டர் என்று ஓர் ஏரி. 1970களில் அதன் பி.ஹெச். 4.3க்கும் கீழே. யாரும் அதில் சுண்ணாம்பு போடவில்லை, எதுவும் செய்யவில்லை. சும்மா விட்டுவிட்டு, வருடா வருடம் அளந்துகொண்டு மட்டும் இருந்தார்கள். படிப்படியாக ஏறி, 2000க்குப் பிறகு 6ஐத் தொட்டது. பாறை மெல்லக் கரைந்து வரவு வைத்தது. அடிச்சேற்று பாக்டீரியாக்கள் ஓவர்டைம் பார்த்தன.

தண்ணீர் குணமாவது வேறு, ஏரி குணமாவது வேறு. பி.ஹெச். சரியான பிறகும் தாமிரமும் நிக்கலும் தண்ணீரில் விஷமாக மிச்சமிருந்தன. மிதவை உயிரிகளில் சிலவற்றின் உறங்கும் முட்டைகள் சேற்றுக்குள் பல வருடம் காத்திருந்து விழித்துக்கொண்டன. மீனுக்கு அந்த வசதி இல்லை. பக்கத்து ஏரியிலிருந்து ஓடை வழியே நீந்தி வரவேண்டும், இல்லையென்றால் யாராவது கொண்டுவந்து விடவேண்டும்.

நடுவில் பழைய பாக்கிக்காரனும் வந்து நின்றான். சட்பரியில் ஸ்வான் லேக் என்ற ஏரி நன்றாகத் தேறிக்கொண்டிருந்தது. 1986, 87ல் கடும் வறட்சி. ஏரி வற்றி, கரையோரச் சேறு காய்ந்தது. பல வருடம் தண்ணீருக்கடியில் அடங்கிக் கிடந்த பழைய கந்தகம் காற்றுப் பட்டதும் மறுபடி அமிலமானது. அடுத்து வந்த மழை அத்தனையையும் ஏரிக்குள் தள்ளியது. 1988ல் ஏரி திரும்பவும் அமிலக் குட்டை. புதிய புகை துளியும் காரணமில்லை. எப்போதோ விட்ட புகை.

இன்னொரு பாக்கியும் இருக்கிறது. பல காலம் பெய்த அமில மழை, மண்ணிலிருந்த கால்சியத்தை அரித்துக் கொண்டுபோய்விட்டது. டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சிக்கு ஓடு வளர்க்கக் கால்சியம் வேண்டும். கிடைக்கவில்லை. அந்த இடத்தை ஹோலோபீடியம் என்று ஒன்று பிடித்துக்கொண்டது. இதற்குக் கால்சியம் அதிகம் தேவையில்லை. உடம்பைச் சுற்றி ஜெல்லி போர்வை. ஒன்டாரியோவின் பல ஏரிகளில் இது பெருகி வருவதை 2014ல் விஞ்ஞானிகள் விவரமாக எழுதினார்கள். வலையை இழுத்தால் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வருமாம். அமிலம் போன ஏரிதான், ஆனால் பழைய ஏரி இல்லை.

ஊரையும் சொல்லவேண்டும். 1977ல் இன்கோ ஆட்குறைப்பு அறிவித்தது. வேலையில்லாமல் நின்றவர்களையும் காலேஜ் பசங்களையும் வைத்து 1978ல் நகராட்சி ஒரு திட்டம் ஆரம்பித்தது. முதுகில் சுண்ணாம்பு மூட்டை, கறுத்த பாறைமேல் ஏறு, கையால் தூவு. பிறகு புல் விதை. பிறகு மரக்கன்று. இதுவரை நட்டது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

சுண்ணாம்பு அரோராவுக்கும் கை கொடுத்தது. 1989ல் வர்லிகிக் ஏரியில் சுண்ணாம்பு கலந்தார்கள். 1990ல் பண்ணை மீன்களை அதில் விட்டார்கள். அடுத்த வருடம் வொயிட்பைன் ஏரியிலும். ஒன்பது மீன்களின் கொள்ளுப் பேரப் பிள்ளைகள். பிறந்ததிலிருந்து சிமென்ட் தொட்டியைத் தவிர வேறெதையும் பார்க்காதவை. இலையுதிர் காலம் வந்ததும் அவை தாமாகவே ஊற்று சுரக்கிற இடத்தைத் தேடிப் போய் முட்டையிட்டன. யார் சொல்லிக் கொடுத்தார்களோ. வர்லிகிக் மறுபடி அமிலத்தை நோக்கிச் சரிந்தபோது 1993லும் 1995லும் திரும்பச் சுண்ணாம்பு போட வேண்டியிருந்தது. மீன்கள் தாக்குப் பிடித்தன. சொந்தமாகக் குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்துகின்றன.

இன்கோவை 2006ல் பிரேசிலின் வாலே கம்பெனி வாங்கியது. மறுபடி பல கோடி டாலர் செலவில் உலைகளைச் சீர்திருத்தினார்கள். விடுவதற்குப் புகை போதவில்லை. அவ்வளவு பெரிய குழாய் எதற்கு? 137 மீட்டரில் இரண்டு சின்னப் புகைபோக்கிகளைக் கட்டிக்கொண்டு, 2020ல் பெரியவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதை இடிப்பதென்றும் முடிவானது. ஊரில் சிலருக்கு வருத்தம். தூரத்திலிருந்து காரில் வரும்போது அதைப் பார்த்தால்தான் வீடு வந்துவிட்ட மாதிரி இருக்குமாம்.